பதில் வரும்வரை நடவடிக்கை இல்லை

மாதவிடாய் நின்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கந்தளாயிலிருந்து திரும்பிய ஒரு மதியம், உள்ளாடையில் இரத்தத் துளி கண்டேன். பஸ்ஸின் குலுக்கல் என்று முடிவெடுத்தேன். அலுவலகப் பெண்கள் பப் பரிசோதனைக்குப் (கருப்பைக் கழுத்திலிருந்து உயிர்க்கலங்களை எடுத்துப் பார்ப்பது) போக அரைநாள் லீவுக்கு ஒப்பமிட்டவள் நான். ஓய்வுபெறும்வரை, முப்பது ஆண்டுச் சேவையில் எனக்கென்று அந்தப் படிவத்தை நிரப்பவேயில்லை.

இரத்தம் மறுபடி மறுபடி வந்தபின்தான் கிளினிக்குக்குப் போனேன். திசுச்சோதனை (சிறு தசைத்துண்டை வெட்டிப் பார்ப்பது) முடிவை இளம் வைத்தியர் மறைக்காமல் சொன்னார்.

"அம்மா, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இன்னும் வெளியால பரவேல்லை. கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் குடுத்து நோயை மாத்தலாம். ஆனா பிந்தக் கூடாது."

சிகிச்சைக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத் திகதியும் ஒரு விளக்கத் தாளும் தந்தார். கதிர் குடலையும் சிறுநீர்ப்பையையும் பாதிக்கக்கூடும் என்று தாளில் இருந்த வரியை மூன்று தரம் வாசித்தேன்.

அந்த வாரம் பத்திரிகையில் ஒரு செய்தி. கடற்சேற்றுப் பற்றீரியா சுரக்கும் சேர்மங்கள் ஆய்வுகூடத்தில் இதே புற்றுநோய்க் கலங்களைக் கொன்றனவாம். துறைமுகச் சேற்றை அறுபது ஆண்டுகள் மணந்தவளுக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. என்னையும் சேர்க்கும்படி ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் வரும்வரை நடவடிக்கை இல்லை, அதுதான் முறை. மட்டக்களப்புத் திகதி தள்ளிப்போய்விட்டதாகத் தங்கை சுமதியிடம் சொன்னேன்.

ஐந்து வாரம். பதில் இல்லை. இரத்தம் கூடியது. சுமதி கிளினிக் கொப்பியைப் பிரித்துப் பார்த்தாள்.

"அக்கா, பொய் சொன்னனீங்கள்!"

"பொய்யில்லை. நிலுவையில வைச்சனான்."

"நீங்கள் என்ன கோப்பா, அலுமாரியில வைக்க? சீலையை மாத்துங்கோ. ஓட்டோ வாசல்ல நிக்குது."

வைத்தியர் என் கடிதப் பிரதியை முழுவதும் வாசித்தார்.

"கடிதம் திறம், அம்மா. ஆனா செத்தது கண்ணாடித் தட்டில கிடந்த கலம். மருந்தால பழுதாப் போறதுக்குத் தட்டுக்கு ஈரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. மண் பற்றீரியாவில இருந்து வந்த புற்றுநோய் மருந்துகள் இருக்குதுதான். இதுவும் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம்."

"எத்தினை வருஷம் செல்லும்?"

"சொல்ல ஏலாது. உங்கட கட்டி அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்காது."

மீண்டும் ஸ்கான். முடிவுக்கு நான்கு நாள். சுமதியும் நானும் மீன் விலையைத் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை. கட்டி பெருத்திருந்தது, நிணநீர் முடிச்சுகளுக்கு (நோய் அடுத்துப் பரவும் இடம்) இன்னும் போகவில்லை.

ஐந்து வாரக் கதிர், வாரத்துக்கொருமுறை நரம்பு வழி மருந்து, கடைசியில் உள்ளிருந்து கொடுக்கும் கதிர். பயந்த எரிவும் வயிற்றோட்டமும் வந்தன, மெல்லக் குறைந்தன. கையில் திகதியுடன் பத்திரிகை வாசிக்கும் உங்களுக்கு: வாசியுங்கள், வைத்தியரிடம் கேளுங்கள், திகதிக்குப் போய்விடுங்கள்.

வீடு திரும்பியபின், பழைய அலுவலகத்து எழுதுவினைஞர் நசீர் ஒரு கடிதத்துடன் வந்தார்.

"மிஸ், உங்களுக்கு வந்தது. ஒபிசில கன நாளாக் கிடக்குது."

"ஏன் ஒருத்தரும் பிரிக்கேல்லை?"

"சொந்தப் பேருக்கு வாற கடிதத்தைப் பிரிக்கப்படாதெண்டு நீங்கள்தானே மிஸ் சுற்றறிக்கை விட்டனீங்கள்."

அனுப்புநர் முகவரியில், கைப்பழக்கத்தில், அலுவலக முகவரியை எழுதியிருக்கிறேன். ஆய்வாளர் என் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதியிருந்தார்: இது இன்னும் மனிதருக்குக் கொடுக்கும் மருந்தல்ல, தயவுசெய்து உங்கள் சிகிச்சையைப் பிற்போடாதீர்கள்.

அந்த ஐந்து வாரத்தில் பெரும்பகுதியும் பதில் கடற்கரை வீதி அலுவலகத்தில், என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கிடந்திருக்கிறது.

இப்போது என் காலம் ஒரு கிளினிக்கிலிருந்து அடுத்த கிளினிக் வரைதான் நீள்கிறது. உடல் எதையாவது சொன்னால் அதற்குக் கோப்பு திறப்பதில்லை. செருப்பை மாட்டுகிறேன்.