வேலிக்கு அடியில் இராசவள்ளி

இன்று இராசவள்ளிக் கிழங்கைத் தோல் சீவும்போது விரலெல்லாம் ஊதாவாகி, பச்சை மண்வாசம் எழுந்தது. அவ்வளவுதான், ஒன்பது வயதில் ஊர்காவற்றுறை வீட்டு வேலியடியில் போய் நின்றேன்.

பக்கத்து வளவு மலர் மாமி வேலியை ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார் என்று அம்மா ஒரு வருடமாக அவரோடு கதைப்பதில்லை. அவருடைய மகள் சுபாவோடு விளையாட எனக்கும் தடை. எனக்கு வேறு கூட்டாளியே இல்லை.

தை மாதம் இராசவள்ளிக் கொடி காய்ந்ததும் அம்மா மண்ணைத் தோண்டிக் கிழங்கு கிண்டினார். அது வேலிக்கு அடியால் போய் மாமியின் பக்கம் பருத்திருந்தது. இழுத்தால் முறியும். அம்மா மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி வேலியைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, எங்கட கிழங்கு உங்கட வளவுக்குள்ள வந்திட்டுது."

அந்தப் பக்கம் மாமியின் அலவாங்கு மண்ணில் குத்தி இறங்கும் சத்தம் கேட்டது. "கொம்மா வேலியை அளந்தவ, கிழங்கை அளக்கேல்லைப் போல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கிண்டிக் கிழங்கை முழுசாக எடுத்தார்கள். மாமி அதைப் பாதியாக வெட்டி, தலைப்பாதியை வேலிக்கு மேலால் நீட்டினார். தலையைத் திரும்பப் புதைத்தால்தான் அடுத்த மழைக்குக் கொடி முளைக்கும்.

"கொடி உங்கடதானே, அக்கா. நீங்களே வையுங்கோ."

தலையை அளவாக நறுக்கிய அம்மா, வளவில் இடம் தேடவில்லை. வேலிக்கு நேர் கீழே, அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார்.

"அடுத்த தைக்கும் நீர் அந்தப் பக்கத்தால கிண்டோணும், மலர்."

"ஓம் அக்கா" என்று பதில் வருவதற்குள், சுபா வேலியைப் பிரித்துக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்துவிட்டாள்.