கதிரையை இழுத்துப்போடச் சொன்ன பாக்கியம் அக்கா

செய்தி வந்தபோது நான் வேலையில் நின்றேன். முதியோர் இல்லத்துச் சமையலறைப் போனில் பாக்கியம் அக்காவின் மகன். "அன்ரி, அம்மா முடிஞ்சிட்டா. செத்தவீட்டு ஹோலில பார்க்கிங் குறைவு, வெள்ளன வாங்கோ." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, ஆறிப்போன சூப்பைத் திரும்பச் சூடாக்கினேன். வேறென்ன செய்வது?

கனடாவில், ஸ்காபரோவிலுள்ள அந்த இல்லத்தில் நானும் அக்காவும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். எழும்ப ஏலாத கிழவிகளைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டுகிற வேலை. அக்காவோடு அங்கே வேலைசெய்த உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. மிச்சத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒருமுறை இல்லத்திலிருந்து சிலரை ஸ்கொட்லாந்துக்கு அனுப்பினார்கள். முதியோர் பராமரிப்பை அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள், பார்த்து வரவேண்டும் என்று. அக்காவின் பெயரும் வந்தது. வீட்டில் ஒரே சிரிப்பாம்.

"கிழவியளுக்குச் சாப்பாடு தீத்திறதுக்கும் யூனிவர்சிற்றியோ மாமி?" என்று மருமகள் கேட்டாளாம்.

"ஓம் பிள்ளை. உமக்கும் ஒருநாள் உதவும்" என்று சொல்லிவிட்டுக் குளிர்ச்சட்டையை மடித்தாராம் அக்கா.

திரும்பி வந்தவர் கோட்டை, மலை ஒன்றையும் பற்றிப் பேசவில்லை. "எங்களையே கட்டில்ல படுக்கவைச்சுத் தீத்தினவை, தங்கச்சி. முதல்ல ஒருத்தி நிண்டுகொண்டு கரண்டியைத் தள்ளினாள். மூச்சு முட்டிப்போச்சு. பிறகு கதிரையை இழுத்துப்போட்டு, என்ர முகத்துக்கு நேர இருந்து, நான் விழுங்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சிதான். எனக்கு அழுகை வந்திட்டுது."

"உப்புக் கூடிப்போச்சோ?" என்று பகிடி விட்டேன்.

"மூண்டு பிள்ளை பெத்தனான். எனக்கு ஆர் தீத்தினது, சொல்லு பாப்பம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் நின்றுகொண்டு ஒருவருக்கும் ஊட்டவில்லை. "நிண்டு குடுத்தால் மாட்டுக்கு வைக்கிற மாதிரி. இருங்கோ" என்பார் எங்களுக்கும். அனுப்பிவைத்த அதே மனேஜர் நேரம் போகிறதென்று ஏசுவான். அவனுக்குத் தலையாட்டிவிட்டு எனக்கும் ஒரு கதிரையை இழுத்துப்போடுவார்.

போன மாரிக் குளிரில் அவரே படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில், கை தூக்க ஏலாமல். மூன்று பிள்ளைகளில் இந்த மகன்தான் அஜக்ஸ் நகரத்திலிருந்து வருவான். இரண்டு வேலை, தெருவில் நெரிசல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜக்கெற்றைக் கழற்றாமல், கார்த் திறப்பை ஒரு கையில் கிலுக்கியபடி, நின்றுகொண்டே கரண்டியை நீட்டுவான். அக்கா வாயை இறுக்கி மூடிவிடுவார்.

"கொஞ்சம் இரன் தம்பி" என்று ஒருநாள் மெல்லக் கேட்டார்.

"இருந்தால் நேரம் போயிடும் அம்மா." பிறகு என்னிடம், "அவவுக்குப் பசியில்லை அன்ரி."

"பசிதான் தம்பி. நீர் உந்தக் கதிரையில இரும்."

"நான் இவ்வளவு தூரம் வாறது காணாதோ அன்ரி?" என்றான். போய்விட்டான்.

நான் இருந்து ஊட்டினேன். கொஞ்சம் சாப்பிட்டார். கண் கதவிலேயே நின்றது.

அக்கா போய் முப்பத்தோராம் நாள் வீட்டில் படையல். வாழையிலை கொள்ளாத சாப்பாடு. நினைவு மலரில், 'ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி கற்றவர்' என்று அச்சடித்திருந்தார்கள். மருமகள்தான் எல்லோருக்கும் கொடுத்தாள். ஐயர் சொல்ல, மகன் அந்த இலைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தான். ஜக்கெற் இல்லை, திறப்பு இல்லை. நேரத்தைப் பார்க்காமல் இருந்தான்.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அக்காவின் படம்கூட என்னிடம் இல்லை. இருப்பது, நிலத்தில் கதிரையை இழுக்கிற அந்தச் சத்தம் மட்டும். அதைக் கேட்டால் எங்கள் கிழவிகள் தாங்களாகவே வாயைத் திறக்கிறார்கள்.