தவமலர் அக்கா மொழிபெயர்க்காத பதில்

போன கிழமை மாம்பழப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தவமலர் அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா எங்களை விட்டிட்டு மோசம் போயிட்டா." பெட்டிகள் வாசலிலேயே கிடந்தன. கடையைப் பூட்டிவிட்டேன்.

அவரை அறிந்து இங்கே அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் புதிதாய் என்ன சொல்ல? ஜேர்மனிக்கு வந்து இந்த வுப்பர்டாலில் வேலை இழந்த தமிழரோடு, ஜொப்சென்டர் என்ற வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், பக்கத்துக் கதிரையில் இருந்து மொழிபெயர்த்தவர். நான் வேலை செய்த தொழிற்சாலை மூடியபோது என்னோடும் வந்தார்.

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று அதிகாரி கேட்டார். நம் ஆட்களின் வழக்கப்படி, "பெரிசா ஒண்டும் தெரியாது" என்றேன். அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஊன்ட்றொப் கோயில் தேருக்கு அன்னதானச் சாமான் முழுக்கப் பேரம் பேசி வாங்கிறது ஆர்? நானோ?"

"அது கோயில் வேலைதானே, அக்கா."

"அடக்கத்தைக் கோயில்ல வையும். இஞ்ச காட்டினா கையில கூட்டுற தும்புத்தடிதான் தருவினம்."

அவர் அதிகாரியிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ஆனால் அந்தக் காலத்து விதி, கிடைத்த வேலையைச் செய், மறுத்தால் உதவித்தொகை வெட்டு என்பதுதான். பூங்காவில் இலை கூட்ட அனுப்பினார்கள். சொந்தக் கடை என்ற ஆசை அங்கேயே மக்கிவிடுமோ என்று பயந்திருந்தேன். ஒருநாள் அக்கா அந்த வழியால் வந்தார். "நல்லாத்தான் கூட்டுறீர். ஆனா இந்தச் சரக்கை ஒருத்தரும் வாங்காயினம்." அன்றைக்குச் சிரித்தேன்.

பிறகு சட்டம் இளகியது. ஏதோ ஒரு வேலைக்குத் துரத்துவதை விட்டு, தொழில் படிக்கவும் இடம் கொடுத்தார்கள். "வெளிக்கிடும், ஜொப்சென்டரில சந்திக்க டெர்மின் எடுத்திட்டன்" என்று அக்காதான் அழைத்தார். இந்த முறை அன்னதானத்துக்கு எந்தத் தோட்டக்காரரிடம் எதை வாங்கினேன், வெயிலில் எப்படிக் கெடாமல் வைத்தேன் என்று நானே சொன்னேன். அவர் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார். வணிகப் படிப்புக் கிடைத்தது. கடையும் வந்தது.

இப்போது விதிகள் மறுபடி இறுகுகின்றன. ஜொப்சென்டர் கடிதம் வந்தவர்கள் கடைக்கு வந்து, "அக்கா இருந்தா..." என்று பாதியில் நிறுத்துகிறார்கள். எனக்கும் அதே ஏக்கம்தான். மரக்கறி விலையை எவரோடும் பேசி இறக்குவேன். அதிகாரியின் அறையில் அக்காவைப்போல் பேச எனக்கு ஏலாது.

நாளை வேலை இழந்த ஒரு தங்கச்சியோடு அங்கே நான் போகிறேன். கணினியைப் பார்த்தபடி கேள்வி கேட்கும் அதிகாரிக்கு அக்கா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. "எங்கட முகத்தைப் பாக்கட்டும், பிறகு கதைப்பம்" என்று பேசாமல் இருப்பார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் காத்திருப்பு மட்டும். என் அவசரக் குணத்துக்கு அது கஷ்டம்தான். நாளை காத்திருப்பேன்.