விக்கிரவாண்டி வரைக்கும் ஓடிய கார்

எங்கள் கார் திண்டிவனத்தில் நன்றாகக் கிளம்பும். கூட்டேரிப்பட்டு வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. விக்கிரவாண்டி டோல்கேட் கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்ததும் இருமத் தொடங்கும். இரண்டு தரம் வெட்டி வெட்டி இழுக்கும், அப்புறம் நின்றுவிடும். முண்டியம்பாக்கத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்தைத்தான் எங்களால் தாண்ட முடியவில்லை.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். காலை ஏழரைக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். நமக்கு அடுத்து ஒருவர் காத்திருப்பார். நாம் பிந்திப் போனால் நம் நேரத்தில்தான் குறையும். நேரம் குறைந்தால் அன்று சாயங்காலமே அவர் கால் வீங்கிவிடும். படுத்தால் மூச்சு வாங்கும், உட்கார்ந்தபடியே விடிய வேண்டியதுதான். பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க அவரால் ஆகாது. ஆகவே அந்தக் காரை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை. அவர் வேலையில் இருந்தபோது வாங்கிய பழைய வெள்ளைக் கார். அவருக்கு முடியாமல் போனதும் எங்கள் மகள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நானும் அவரும் பின் சீட்டில் உட்காருவோம்.

முதல் தரம் நின்றபோது சூடு ஏறியிருக்கும் என்று சும்மா இருந்தோம். அரைமணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்பியது. அடுத்த வாரம் அதே இடத்தில் நின்றதும் செஞ்சி ரோட்டில் இருக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நாற்பது வயதிருக்கும் அவனுக்கு. சிரித்த முகம். போனை ஒரு தோளில் இடுக்கிக்கொண்டே இன்ஜினுக்குக் காது கொடுத்தான்.

"பிளக்கு போயிடுச்சிங்க ஐயா."

பின் சீட்டில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னான். என் மகள் அவன் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"நான்தாங்க ஓட்டுறேன். ஊருக்குள்ள நிக்கவே மாட்டேங்குது. விக்கிரவாண்டி கிட்ட போனாத்தான் நிக்குது" என்றாள்.

அவன் அதற்கும் அவரைப் பார்த்தே பதில் சொன்னான். "பாப்பா கிளட்சு மேல கால வச்சிக்கினே ஓட்டுதுங்க போல. அதான் பேஜாரு பண்ணுது."

பாப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் பத்தாவது படிக்கிறான்.

பிளக்கை மாற்றி, பக்கத்து ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தான். "வெண்ண மாதிரி போவுது, எட்த்துக்கினு போங்க" என்றான். ரயில்வே கேட் வரைக்கும் போனால் அது எப்படி நிற்கும்? விக்கிரவாண்டி வரைக்கும் ஓட்டிப் பார்ப்பா என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே நாலு தரம் யோசிப்பேன்.

அடுத்த நடை, அதே டோல்கேட், அதே இருமல். லாரிகள் போகிற காற்றில் கார் ஆடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பெட்ரோலு இருக்குதா பாரு" என்றார். மகள் இறங்கிப் போய்ச் சாவி போட்டு டேங்க் மூடியைத் திறந்தாள். பின் சீட்டில் இருந்த எனக்கு, உஸ் என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. பெட்ரோல் இருந்தது. மூடியைத் திருகிவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள், உடனே பிடித்துக்கொண்டது.

"ஆறிக்கிச்சி போல" என்றாள்.

அரைமணி ஆகாமல் எப்படி ஆறும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மெக்கானிக் இந்தத் தரம் பெட்ரோல் பம்ப் என்றான். மாற்றினோம். நின்றது. கார்புரேட்டரில் கசடு என்று கழற்றிக் கழுவினான். ரயில்வே கேட் வரைக்கும் போய் வந்தான். மறுபடியும் டோல்கேட்டில் நின்றது. அன்றைக்கு மகள் நெடுநேரம் திருப்பிப் பார்த்தும் கிளம்பாததால், நானே சாவியை வாங்கிக்கொண்டு இறங்கி மூடியைத் திறந்தேன். அதே உஸ். "இப்பப் போடு" என்றேன். எடுத்துக்கொண்டது. என் மகளுக்கு ஆஸ்பத்திரி நேரம்தான் கண்ணில் இருந்தது, நான் என்ன செய்தேன் என்று கேட்கவில்லை. அன்று டயாலிசிஸில் ஒரு மணி நேரம் குறைந்துபோயிற்று. சாயங்காலம் அவர் காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனபோது நானும் இறங்கினேன். அவன் பேனட்டுக்குள் தலையை விட்டிருந்தான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"தம்பி, பெட்ரோல் மூடியத் தெறந்து மூடினா ஓடுதுப்பா. ரெண்டு வாட்டி பாத்தேன்."

அவன் தலையை வெளியே எடுத்தான். "மூடியத் தெறந்தா ஓடுதா? இது இன்னா ஊறுகா ஜாடியா ஆயா?"

டயர் கழற்றிக்கொண்டிருந்தவன் சிரித்தான். என் வீட்டுக்காரரும் சிரித்தார். "அவளுக்கு இன்னா தெரியும், நீ பாருப்பா" என்றார். எனக்கு முகம் எரிந்தது. காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று அவன் கடைசித் தீர்ப்பாகச் சொன்னான். "இன்ஜினே தேஞ்சிபோச்சிங்க ஐயா. இறக்கி, சிலிண்டரக் கடைஞ்சி போரு பண்ணணும். இருவது நாளு ஆவும். திங்கக்கெழம வண்டிய உட்டுடுங்க."

இருபது நாள் என்றால் ஆறு நடை. யாருடைய வண்டியைக் கேட்பது, விடியற்காலையில் யார் வருவார்கள்? வீட்டில் இதே பேச்சு. அவர் மட்டும், "தொழிலு தெரிஞ்சவன் சொல்றான், செய்ய வேண்டியதுதான்" என்று முடித்துவிட்டார். மெக்கானிக்கின் அப்பன் காலத்திலிருந்து தெரிந்த பட்டறையாம். அப்பனுக்குத் தொழில் தெரிந்திருக்கும், யார் இல்லை என்றார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து, புது மல்லாட்டை எண்ணெய் டின்னைத் திறந்தேன். ஆணியை வைத்து மூலையில் ஓர் ஓட்டை போட்டுச் சாய்த்தேன். எண்ணெய் களக் களக்கென்று கொஞ்சம் விழுந்து நின்றுபோனது. எப்போதும் செய்கிற மாதிரி எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டேன். சரசரவென்று ஊற்றியது. உள்ளே காற்றுப் போனால்தான் எண்ணெய் வெளியே வரும், சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆணியும் கையுமாக அப்படியே நின்றேன். காற்றுப் போகிற வழியை அடைத்தது யார் என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

கோடையில் டேங்க் மூடியின் வாஷர் வெடித்துப்போய், பின் சீட்டுக்குப் பெட்ரோல் வாடை அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அந்த வாடையில் அவர் இரண்டு தரம் வாந்தி எடுத்தார். ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கிய காலத்தில் கேனிலிருந்து வாடை வராமல் இருக்க, மூடிக்குள் பிளாஸ்டிக் கவரை வைத்து இறுக்கித் திருகுவோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதே போல எண்ணெய் பாக்கெட் கவரை வட்டமாக வெட்டி, கார் மூடிக்குள் வாஷரோடு சேர்த்து நான்தான் செருகினேன். வாடை நின்றது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்கிற விஷயமாகவும் தோன்றவில்லை. பங்க்கில் மூடியைக் கழற்றுகிறவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொள்வார்களே தவிர உள்ளே பார்க்கமாட்டார்கள்.

வாசலில் நின்ற காரிடம் போய் மூடியைக் கழற்றினேன். மூடியில் காற்றுப் போகிற சின்ன ஓட்டையை அடைத்தபடி கவர் அங்கேயே இருந்தது. டேங்க் இழுத்த இழுப்பில் நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. பிடுங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு என் மேல் கோபம் வந்தது. ஆனால் அதைவிட அவன் மேல் அதிகம் வந்தது. எனக்கு இன்ஜின் தெரியாது. அவனுக்குத் தெரியும். நான் மூடி என்று வாயைத் திறந்து சொன்ன பிறகும், நாலடி நடந்துபோய் அந்த மூடியைக் கழற்றிப் பார்க்க அவனுக்கு என்ன கேடு?

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி நாள். மகளிடம், "இதுலயே போயிட்டு வந்து அப்பறமா வண்டிய உடலாம்" என்றேன்.

"வழியில நின்னா?"

"நிக்காது."

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"ஒரு வாட்டியாவது நான் சொல்றதக் கேளேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. கிளம்பினோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் நான் ஜெபமாலையைக் கையில் எடுத்தேன், ஆனால் ஒரு மணி கூட நகரவில்லை. டோல்கேட் தெரிந்தது. கார் இருமவில்லை. டோல்கேட்டைத் தாண்டியும் போயிற்று. ஏழு மணிக்கே முண்டியம்பாக்கத்தில் இருந்தோம்.

"பாத்தியா" என்றார் அவர். "கார்புரேட்டரு கழுவினான் இல்ல, இப்பத்தான் செட் ஆவுது."

படுக்கையில் படுத்ததும் மகளின் போனை வாங்கி, அந்த நல்ல செய்தியை மெக்கானிக்கிடம் சொன்னார். அவன் குரல் எனக்கும் கேட்டது. "நம்ம வேல அப்டிங்க ஐயா. ஆனா இது தாங்காது. இன்ஜின இறக்கியே ஆவணும், ஜல்தியா கொணாந்து உடுங்க."

சரிப்பா என்று அவர் சொல்ல வாயெடுத்தார். நான் சுருக்குப்பையைப் பிரித்து, அந்தக் கவரை அவர் போர்வை மேல் வைத்தேன்.

"இன்னாமே இது?"

சொன்னேன். கோடையிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாகத்தான் வந்தது. அவர் கவரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தன் காலைப் பார்த்தார். போனில் அவன் "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "இன்ஜின் இறக்க வேணாம்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"ஏம்மா, அவங்கிட்டவே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள் மகள்.

"சொன்னனே. ஜாடின்னான். உங்கப்பாவும் சிரிச்சாரு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மேல் கோபமா, சிரித்ததற்கு வெட்கமா, நான் கேட்கவில்லை.

புது வாஷரோடு புது மூடி வாங்கிப் போட்டோம். அதற்கப்புறம் கார் ஒரு தரமும் நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஆயில் மாற்ற அதே மெக்கானிக்கிடம்தான் போனார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கூடப் போனேன். அவன் பேனட்டைத் தட்டி மூடிவிட்டு, "இன்ஜின யாருகிட்ட காட்னீங்க ஐயா? சத்தமே மாறிக்கிச்சி" என்றான்.

அவர் பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். முகவாயால் என்னைக் காட்டினார். "இவகிட்டதான்."

மெக்கானிக் நல்ல ஜோக்கு என்று உரக்கச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.