பூஞ்சை பிடிக்காத பசை

ஈப்போவின் புந்தோங்கில் நான் வேலை பார்க்கும் ஹார்ட்வேர் கடையில் பசைகள் அடுக்கிய தட்டு என்னுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒட்டுகிற சாமான் கேட்டு யாராவது வந்தால் முதலாளியே தாடையால் என்னைக் காட்டிவிடுவார். செருப்பின் அடி விட்டுப்போனாலும், சாமி படத்தின் சட்டம் கழன்றாலும், மோட்டார் சைக்கிள் விளக்குக் கண்ணாடி உடைந்தாலும் என்னிடம் அதற்கென்று ஒரு டியூப் உண்டு. டியூபோடு ஐந்து நிமிடப் பேச்சும் இலவசம். சுங்கை சிப்புட்டிலிருந்து செங்கல் ஏற்றிவரும் லாரிக்காரர் ஒருவர், "ஒன் கம்ம விட ஒன் வாய்தான் நல்லா ஒட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க பெயிண்ட் டின்களின் முதுகிலிருந்து வந்தது. ஆள் வராத மதிய நேரங்களில் ஒவ்வொரு டின்னாகத் திருப்பி, எழுத்துக் கூட்டி வாசித்து, புரியாததை முதலாளி மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதையும் நான் பத்துப் பேரிடம் சொல்வதுண்டு. ஆனால் பல வருடமாக விற்றுவந்த ஒரு டியூபின் முதுகை மட்டும் நான் திருப்பிப் பார்க்கவில்லை.

எங்கள் அடுக்குமாடியில் எனக்கு நேர் கீழ்வீட்டு அக்கா கையுறை ஆலையில் ஓட்டை பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊசிமுனை ஓட்டையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஈப்போவில், அவர் வீட்டு ஹாலில் நான்கடி நீளத்துக்குக் கடல் இருந்தது. வாளியில் உப்பைக் கரைத்துக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, மேலே இரண்டு சின்ன மின்விசிறிகளை ஓடவிட்டு, உயிருள்ள பவளம் வளர்த்தார். அதில் அவர் உயிரையே வைத்திருந்தது சுத்தியல் பவளத்தின் மேல்தான். நுனிகள் குட்டிக் குட்டிச் சுத்தியல்களாக, பச்சையாக, தண்ணீரில் அசையும். ஒரு தலையாக வாங்கியது நான்கு வருடத்தில் ஏழு தலையானது.

அது ஒருநாள் பாறையிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. அக்கா கடைக்கு வந்து, தண்ணீர் மாதிரி ஓடாத, கெட்டியான ஜெல் சூப்பர் குளூ கேட்டார். வளர்ப்பு மீன் கடை முதலாளி தவுக்கே சொல்லியிருக்கிறார்: ஜெல்லை வைத்து அழுத்தினால் ஈரத்திலேயே இறுகும், இடுக்கு பெரிதாக இருந்தால் இரண்டு நிறத்தையும் சேர்த்துப் பிசைகிற எபோக்சிக் களிம்பை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஜெல் தடவ வேண்டும் என்று. அவர் சொன்னது முழுக்கச் சரி. எனக்கோ சிரிப்பு வந்தது. சூப்பர் குளூ கண்ணாடி மாதிரி நொறுங்கும் என்றேன். தண்ணீருக்குள் நிற்க வேண்டுமானால் சிலிகான்தான் என்றேன். "பால் மரம் வெட்டுனவ புள்ளைக்கு, ஒட்டுறது எப்படின்னு மீன் விக்கிறவரு பாடம் எடுக்குறாராக்கா?"

குளியலறை ஓரங்களுக்கு அடிக்கும் வெள்ளைச் சிலிகானை எடுத்து நீட்டினேன். பூஞ்சையே பிடிக்காது என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பூஞ்சை வராதுன்னா உள்ள ஏதும் மருந்து கலந்திருப்பானா தம்பி?"

"தெனம் பாத்ரூமுல குளிக்கிறோம், நமக்கு ஏதும் ஆச்சா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் இங்கே அப்படியே எழுதிவிட்டேன். குறைத்து எழுத வழியில்லை.

சனிக்கிழமை நானே போய் ஒட்டிக் கொடுத்தேன். பாறையை வெளியே எடுத்துத் துடைத்து, பவளத்தின் தலைகளில் ஈரத்துணியைப் போர்த்தி, சிலிகானை அப்பி அழுத்தினேன். ஹாலெல்லாம் வினிகர் வாசம். அக்காவின் வீட்டுக்காரர், ரொம்பப் பேசாதவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாற்காலியில் இருந்தபடியே, பஸ் கண்ணாடிக்கு இதை அடித்தால் ஒருநாள் பூராவும் காயவிடுவார்கள் என்று சொன்னார். ஒரு மணி நேரம் போதும் அண்ணே என்று அவர் வாயை அடைத்துவிட்டு, அது ஆனதும் பாறையைத் தொட்டிக்குள் இறக்கினேன்.

திங்கட்கிழமை காலை எங்கள் அடுக்குமாடிக்குக் கொசுப்புகை அடிக்க வந்தார்கள். அக்கா சந்தைக்குப் போயிருந்தார், வீட்டில் அண்ணன் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை விடியும்போது தொட்டியில் நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன, இறால் செத்திருந்தது. சுத்தியல்கள் எல்லாம் உள்ளே சுருங்கிக்கொண்டன. அக்கா ஒரே ஒரு தலையை மட்டும் உடைத்து, புதிதாக உப்பு கரைத்த ஒரு பாத்திரத்தில் தனியாகப் போட்டார். மற்ற ஆறும் இரண்டு நாளில் சதை உரிந்து வெறும் எலும்பாயின. அவற்றைப் பாறையோடு தூக்கி எறிந்து, தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினார் அக்கா.

சேதி கேட்ட அன்றைக்கே கடையில் அந்த டியூபைத் திருப்பினேன். ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தது: பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்தது, மீன் தொட்டிக்கு ஆகாது. எழுத்து சின்னதுதான். ஆனால் அதைவிடச் சின்ன எழுத்தெல்லாம் நான் வாசித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைப் படிக்கட்டில் மடக்கினார். கம்மினால் இருக்குமா என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னேன். "கொசுப்பொகதான்க்கா. அது வெசமில்லையா? அண்ணே சன்னல சாத்தாம விட்டுருப்பாரு."

வாசித்த பிறகு சொன்னது அது.

அதற்கப்புறம் கீழ்வீட்டில் அந்தச் சன்னலைத் தவிர வேறு பேச்சு நின்றுபோனது. சன்னலைச் சாத்தினேன் என்று அண்ணன் சொன்னாராம். தொட்டியைத் துண்டு போட்டு மூடினீர்களா என்று அக்கா கேட்டதற்கு அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதோடு அவர் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மாலையில் அடுக்குமாடிக்குக் கீழே சிமெண்டு பெஞ்சில் தனியாக உட்கார ஆரம்பித்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன், லாரிக்காரர் கதை, பஸ் கதை என்று அளப்பேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. அப்போதெல்லாம் நல்ல மனுசன் மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவருக்குத் துணை இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"சாத்துனேன் தம்பி. கொண்டி போட்டது கையில ஞாபகம் இருக்கு. ஆனா அவ தெனம் கேக்க கேக்க, சாத்துனேனா இல்லையான்னு எனக்கே தெரியாமப் போச்சு. நாளைக்கு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறா. மறதி இருக்கான்னு பாக்கணுமாம்."

பெஞ்சிலேயே சொல்லியிருக்கலாம். நேரமாச்சு அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஊருக்கெல்லாம் ஓயாமல் பேசுகிற வாய்தான்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன், டியூபையும் ஒரு ஜெல் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பித் தயாராக இருந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. அண்ணன் சன்னலைச் சாத்தியிருப்பார், கொன்றது நான் கொடுத்த கம், அது எனக்கு முதல் நாளே தெரியும் என்று சொன்னேன்.

அக்கா டியூபை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வாசி."

வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை. பிறகு அவர் கேட்காமலேயே தமிழில் சொன்னேன்.

அக்கா அண்ணன் பக்கம் திரும்பினார். "சட்டையக் கழட்டுங்க. எங்கயும் போக வேணாம்."

"சாத்துனேன்னு சொன்னேன்லா" என்றார் அண்ணன். ஒரே தடவைதான். சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு அக்கா என்னைப் பார்த்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம் தம்பி. தப்பு யாருக்கும் வரும். ஆனா மூணு வாரமா படியில என்னப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனியே, அத என்ன பண்றது?"

ஜெல் பாக்கெட்டை நீட்டினேன்.

ஜெல்லை அவர் மறுக்கவில்லை. மிஞ்சிய ஒற்றைத் தலையைப் பாத்திரத்திலிருந்து எடுத்து, அடிக்கட்டையைத் துணியால் ஒற்றி, பட்டாணி அளவு ஜெல் வைத்தார். புதுப் பாறையில் அதைப் பிடித்துக்கொள்ள அண்ணனைக் கூப்பிட்டார். இஸ்திரிச் சட்டையின் கை தோள்வரை நனைய, அவர் தண்ணீருக்குள் கையை விட்டு அசையாமல் நின்றார். என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அது இரண்டு தலையாகிவிட்டது என்று அண்ணன் பெஞ்சில் சொன்னார். அக்கா கடைக்கு வருவது நிற்கவில்லை. ஆணியோ பெயிண்டோ எது வாங்கினாலும், டின்னைத் திருப்பி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உதடு அசைய முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்கிறார். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வாசித்து முடிக்கும்வரை நான் கல்லாவின் இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.