பெண் பார்க்க வந்த அன்று மடக்கிய சணப்பு

பிள்ளைப்பாக்கம் எல்லப்பன் என் அக்கா பாப்பம்மாளைக் கட்டியவர். அதனால் அவரைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு. அப்படி ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததேயில்லை.

யூரியா அது இது என்று உப்புரம் கொட்டிக் கொட்டி அவர் நிலம் இறுகிப் போயிருந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் நெல்லுக்கு முன்னால், கயிறு திரிக்கும் நார்ப்பயிரான சணப்பை விதைத்தார். ‘இவ்வளவு நாரை வைத்துக்கொண்டு கயிற்றுக்கடையா போடப் போகிறார்?’ என்று ஊரே சிரித்தது. அவருக்கு நார் வேண்டாம். பூத்ததும் பயிரை மண்ணோடு மடக்கி உழுதால் அழுகி எருவாகும். தள்ளிப் போட்டால் தண்டு முற்றிவிடும், சீக்கிரம் மக்காது.

ஆவணியில் வயல் முழுக்க மஞ்சளாய்ப் பூத்தது. அதே வாரம் அவர் மகள் மஞ்சுளாவைப் பார்க்க காஞ்சிபுரத்திலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், அக்கா பாதியாக இளைத்திருந்தாள். இதுவும் தட்டினால் அவள் படுத்தே விடுவாள் என்று எனக்குப் பயம்.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் மாமா சணப்பை மடக்க மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

“அவங்க வர்றதுக்குள்ள வந்துடுவேன்” என்றார். எங்கே வந்தார்!

மாப்பிள்ளை ஜீவானந்தமும் அவன் அம்மா அம்சவல்லியும் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த வயலோரமாகத்தான் நடந்து வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டாள்: “ரோட்டோரமா ஒருத்தர் பூத்து நிக்கிற பயிர மாட்ட வுட்டு மிதிச்சிகினு கீறாரே, யாரும்மா அது? புத்தி கித்தி சரியில்லாதவரா?”

அக்கா வாயில் சனி புகுந்தது. பைத்தியக்காரக் குடும்பம் என்று எழுந்து போய்விடுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

“அது யாரோங்க. எங்க வூட்டுக்காரரு வல்லக்கோட்டைக்கு அர்ச்சனை பண்ணப் போயிருக்காரு.”

மாமாவை வழியிலேயே மடக்கலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் அவரே வாசலில் நின்றார். இடுப்புவரை சேறு, தலையெல்லாம் மஞ்சள் பூ.

“வாங்க வாங்க” என்று கும்பிட்டார்.

அக்காவின் முகம் செத்துப்போனது. ஒன்றும் அறியாத மாமா சொன்னார்: “ராத்திரி மழ பேஞ்சிதுங்க. இப்ப சணப்ப எருவா மடக்கலன்னா தண்டு முத்திப் பூடும். வந்தவங்கள குந்த வெக்கலாம், ஈரத்த குந்த வெக்க முடியுங்களா?”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “பயத்துல பொய் சொல்லிட்டேங்க. இவருதான் எங்க வூட்டுக்காரரு.”

அம்சவல்லிக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவளோ மகனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“அழாதம்மா. நாங்க மட்டும் இன்னா? கம்பெனில இவன் பர்மனன்ட்டுன்னு தரகர் சொல்லியிருப்பாரு. இவன் இன்னும் டெம்பரவரிதான். எப்படிச் சொல்றதுன்னு பஸ்ல வழி பூரா யோசிச்சிகினே வந்தேன்.”

“வேல கீதுல்ல?” என்றார் மாமா.

“கீதுங்க. ஷிஃப்டு, ஓவர்டைம் எல்லாம் பாக்கறேன்” என்றான் ஜீவானந்தம்.

“அப்புறம் இன்னா?”

அம்சவல்லி மஞ்சுளாவைக் கூப்பிட்டு, “எல்லாத்தையும் கேட்டுகினுதான இருந்த? உனக்குச் சம்மதமா?” என்றாள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையாட்டினாள்.

மாமாவுக்கு அங்கே கால் நிற்கவில்லை. வயல் பாதிதான் ஆகியிருந்தது. அதைச் சொல்லவும் கூச்சம். ஜீவானந்தம் அதைப் பார்த்துவிட்டான்.

“நீங்க போய் முடிச்சிட்டு வாங்க மாமா. நாங்க இருக்கோம்.”

எங்கள் பக்கம், சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அம்சவல்லி அக்காவின் தோளைத் தட்டி, “எழுந்து ஒல வெய்யி சம்பந்தி, பசிக்குது” என்றாள்.