எனக்கு இரண்டு தடவை சடங்கு

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. நாங்கள் இருப்பது மலேசியாவில், பட்டர்வொர்த்தில், பாகான் டாலாம் பக்கம். அப்போது என் ஒரே மகளுக்குப் பதினைந்து முடிந்து மூன்று மாதம். இன்னும் வயதுக்கு வரவில்லை. அதற்கான அறிகுறிகூட இல்லை. பள்ளியில் படம் எடுத்தால் முதல் வரிசையில் சின்னப் பிள்ளை மாதிரி நிற்பாள்.

எனக்குக் கவலை ஒரு பங்கு என்றால், ஊர் வாய் மூன்று பங்கு. என் நாத்தனார் இருக்கிறாரே, கல்யாண வீடோ கோயில் விசேஷமோ, "என்ன அண்ணி, இன்னும் இல்லையா?" என்று கேட்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார். ஒரு நாள் எனக்கு வந்த கோபத்தில், "வந்தா பேப்பர்ல போடுறேன், படிச்சுக்குங்கலா!" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு வீட்டுக்கு வந்து உளுந்தங்களி கிண்டினேன். நல்லெண்ணெய், முட்டை, எள்ளுருண்டை எல்லாம் ஊட்டினேன். பாவம், பிள்ளை ஒரு சுற்று பெருத்ததுதான் மிச்சம்.

கடைசியில் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு, ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி ஜார்ஜ் டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலாய்க்கார டாக்டரம்மா, சிரித்த முகம். மகளின் உயரம், எடை எல்லாம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்கள் எத்தனை வயதில் பெரிய பெண் ஆனீர்கள் என்று கேட்டார்.

பதிமூன்று என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மகளும் ஆமாம் என்று தலையாட்டினாள். எங்கள் ஹாலில் அதற்குப் படமே தொங்குகிறது. பட்டுச்சேலையும் மாலையுமாக நானும் என் அக்காவும் ஒரே மேடையில் உட்கார்ந்திருப்போம்.

அம்மாவுக்குச் சரியான வயதிலேயே வந்திருப்பதால், மகளுக்கு ஏன் தாமதம் என்று நன்றாகத் துருவிப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு எத்தனை வயதுக்கு வளர்ந்திருக்கிறது என்று அதில் தெரியுமாம். இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார்கள்.

அந்த இரண்டு வாரம் இருக்கிறதே, அப்பப்பா! ஓயாமல் வாயடிக்கிற பெண் பேச்சையே விட்டுவிட்டாள். ஃபோனில் எதையெதையோ தேடிப் படித்தாள். குளிக்கப் போனால் அழுத கண்ணோடு வந்தாள். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில், ஃபெரியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்குப் பதிமூணு, பெரியம்மாவுக்குப் பதினாலு. அப்ப என் உடம்புலதான் கோளாறு. எனக்குப் பிள்ளையே பொறக்காதாம்மா?"

அந்தப் பதிமூன்று பச்சைப் பொய்.

அக்காவின் சடங்குக்கு எங்கெங்கிருந்தோ சொந்தமெல்லாம் திரண்டு வந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் "சின்னவ எப்போ?" என்று துளைத்தார்கள். என் அம்மாவுக்கும் என்னை மாதிரியே மூக்கு மேல் கோபம். எனக்கும் ஒரு சேலையைச் சுற்றி, ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஆயிருச்சு என்று மேடையில் ஏற்றிவிட்டார். உண்மையில் எனக்கு ஆனபோது வயது பதினேழை நெருங்கிவிட்டது. நடுவில் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை. மகளுக்குத் தள்ளிப்போனபோது ஞாபகம் வராமல் இல்லை. வெட்கத்தில் விழுங்கிவிட்டேன்.

அந்த ஃபெரியிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். மகள் என்னை முறைத்தாள். "அப்ப அந்தப் படம் பொய்யாம்மா?" என்றாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே என் கையில் ஓங்கி ஒரு அடி வேறு. நன்றாக வலித்தது. வாங்கிக்கொண்டேன்.

டாக்டரிடம் அவளே என்னை முன்னால் தள்ளி, அம்மா ஒன்று சொல்லணுமாம் என்றாள். கேட்டுவிட்டு டாக்டரும் சிரித்தார், கொஞ்சம் கண்டிக்கவும் செய்தார். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. எலும்பு மட்டும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுடையது மாதிரி இருக்கிறது. அம்மாவைப் போலவே மெதுவாக வளர்கிற உடம்பாக இருக்கலாம். ஆனாலும் காட்டியது நல்லது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாருங்கள், வேண்டுமென்றால் மருந்தைப் பிறகு யோசிக்கலாம் என்றார். களி பிடித்தால் சாப்பிடட்டும், மருந்தென்று ஊட்ட வேண்டாம் என்றும் சொன்னார். மகள் எழுந்து நின்று டாக்டருக்குக் கும்பிடு போட்டாள்.

அடுத்த தடவை போனபோதே மாற்றம் தொடங்கியிருந்தது. பதினேழாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய பெண் ஆனாள்.

வீட்டோடு சின்னதாய்ச் சடங்கு வைக்கலாமா என்று கேட்டேன். சரி, ஆனால் நீங்களும் பக்கத்தில் உட்காரணும், உங்களுக்கு நடந்தது செல்லாது என்று பிடிவாதமாய்ச் சொல்லிவிட்டாள். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு மாலை! மஞ்சள் தண்ணீர் ஊற்ற வந்த நாத்தனார் விழித்தார். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழப்பார்த்தார்.

"அடடா, இத்தனை நாளா உங்களக் கேக்காம விட்டுட்டேனே அண்ணி, இன்னும் இல்லையான்னு!" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் ஒரு சொம்புத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார்.

இப்போது ஹாலில் பழைய படத்துக்குப் பக்கத்தில், நனைந்த கோழி மாதிரி நானும் என் மகளும் சிரிக்கிற புதுப் படம் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே, என் வெட்கத்தை நான் பொத்தி வைத்ததற்கு என் பிள்ளை இரண்டு வாரம் தனியாக அழுதாளே என்று மனசு இன்னும் அடித்துக்கொள்ளும்.